பெயரில் நிற்கும் சொல்: திக்கலும் வேலையும்

நேர்காணலில் முதல் கேள்வி எளிதாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் பெயரைக் கேட்கிறார்கள். திக்கிப் பேசுகிறவருக்கு அன்று வரும் கேள்விகளிலேயே கடினமானது அதுதான். வேறு எந்தச் சொல் தொண்டையில் நின்றாலும் இன்னொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். 'காலையில்' வரவில்லையென்றால் 'விடிஞ்சதும்' என்று சொல்லலாம். வீட்டில் வைத்த பெயரை அப்படி மாற்ற முடியாது. தன் பெயரைச் சொல்லவே திணறுகிறவனைப் பார்த்தால் எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்? பொய் சொல்கிறான், அல்லது பயந்து நடுங்குகிறான், அல்லது அறிவில் ஏதோ குறை. மூன்றும் தவறு. ஆனால் அந்தப் பத்து வினாடிக்குள் மூன்றில் ஒன்று முடிவாகிவிடுகிறது.

என் பெயர் 'ப'வில் தொடங்குகிறது. 1997இல் பி.காம். முடித்துவிட்டு விருதுநகரில் இரவு பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு வேலைக்காக மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தேன். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. மூச்சு உள்ளேயே நின்றது. நடுவில் இருந்தவர், "என்ன தம்பி, பேரே மறந்துபோச்சா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு மெதுவா சொல்லுங்க" என்றார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கணக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு பதினொரு நேர்காணல்கள். கடைசியில் கிடைத்த வேலையும் கணக்கு வேலைதான். இருபத்தைந்து ஆண்டுகளாக அதில்தான் இருக்கிறேன். இன்றும் திக்குகிறேன்.

என் கதையைச் சொல்ல இதை எழுதவில்லை. பயோடேட்டாவோடு அலையும் பிள்ளைகளுக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும், இதைப் பற்றி இதுவரை என்னென்ன தெரிய வந்திருக்கிறது என்று ஒருசேரச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வாயில் இல்லாத குறை

'திக்குவாய்' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லே வாயின் மேல் பழியைப் போடுகிறது. அதனால் 'திக்கல்' என்றே எழுதுகிறேன். நாக்கிலோ உதட்டிலோ எந்தக் கோளாறும் கிடையாது. இதை ஏற்க மருத்துவ உலகத்துக்கே வெகுகாலம் பிடித்தது. 1841இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கிலிருந்து ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. நம் ஊரில் கத்தி எடுக்கவில்லை. கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னோம், குழந்தை நாக்கில் வசம்பை உரைத்துத் தடவினோம். வசம்புக்குப் 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் உண்டு. தன் பேரையே சொல்ல முடியாத பிள்ளைக்கு அதைத் தடவியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மனதை உறுத்தும். அன்பினால்தான் செய்தார்கள். பலன் இல்லை.

திக்கல் மூன்று வகையில் வெளிப்படும். முதல் ஒலி திரும்பத் திரும்ப வரும். அல்லது ஓர் ஒலி இழுத்துக்கொண்டே போகும். அல்லது சத்தமே வராமல் அடைத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் கேட்பவரை மிகவும் குழப்புகிறது, ஏனென்றால் கேட்க எதுவும் இல்லை. கண் இறுகுவது, தலை வெட்டி இழுப்பது, தொடையில் கையால் தட்டுவது எல்லாம் அந்த அடைப்பை உடைக்க உடம்பு பழகிக்கொண்ட வழிகள்.

பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஒரு கட்டத்தில் வருகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் தானாகவோ பயிற்சியாலோ போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் தங்கிவிடுகிறது, அதிலும் பெண் ஒருவருக்கு ஆண் நால்வர் என்ற கணக்கில். நூறு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சராசரியாக ஒருவர் இருக்க வேண்டும் என்று பொருள். உங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லையென்றால், நேர்காணலைத் தாண்டி உள்ளே வரவில்லை, அல்லது உள்ளே இருந்தும் மறைத்துக்கொண்டிருக்கிறார்.

குடும்பங்களில் தலைமுறையாக வருவதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். 2010இல் டென்னிஸ் டிரேனாவின் குழு, பாகிஸ்தானில் திக்கல் பரவலாக இருந்த ஒரு பெரிய குடும்பத்திலிருந்து ஆய்வைத் தொடங்கி, சிலரது திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களைக் கண்டறிந்தது. பேச்சைத் திட்டமிட்டு நேரத்தோடு இயக்கும் மூளைப் பாதைகள், குறிப்பாக இடது பக்கத்தில், திக்குகிறவர்களுக்குச் சற்று வேறாக அமைந்திருப்பதைப் பல ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயத்தால் திக்கல் உண்டாவதில்லை. இருக்கும் திக்கலைப் பயம் கூட்டும், அவ்வளவுதான்.

பாடும்போது திக்காது. பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்காது. தனியாக இருக்கும்போது? நியூயார்க்கில் எரிக் ஜாக்சன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், யாரும் கேட்கவில்லை என்று நம்பித் தனக்குத்தானே பேசிய 24 பேரிடம் திக்கல் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. வேலை தேடுகிறவருக்கு இந்தத் தகவல் முக்கியம். வீட்டில் கண்ணாடி முன் நின்று நூறு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, "அங்க நல்லா வந்துச்சே, இங்க ஏன் வரல?" என்று தன்னையே நொந்துகொள்ளாத திக்கல்காரர் இல்லை. கண்ணாடி கேட்பதில்லை, காத்திருப்பதுமில்லை. கேட்பவர் ஒருவர் எதிரே வந்ததும்தான் இந்த விஷயம் தொடங்குகிறது. ஒத்திகை பார்ப்பதென்றால் ஒரு மனிதர் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

கேட்பவரின் தீர்ப்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஒரு கொடுமையான சான்று உண்டு. 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில் ஒரு மாணவி 22 அநாதைக் குழந்தைகளிடம் சோதனை நடத்தினார். ஒழுங்காகப் பேசிய சில குழந்தைகளிடம், உனக்குத் திக்குகிறது, திக்காமல் பேச வராவிட்டால் பேசாதே என்று சொல்லிவந்தார்கள். அந்தக் குழந்தைகள் ஒடுங்கிப்போய்ப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். 2007இல் அயோவா மாநில அரசு, அவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குமாக 9,25,000 டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

மறைப்பதற்கு ஆகும் செலவு

ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். வெளியே தெரிவது சின்னப் பங்கு. கூச்சம், பயம், தவிர்ப்பு எல்லாம் நீருக்கடியில். பனிப்பாறையை நாம் பார்த்ததில்லை. ஆனால் அந்த அடிப்பகுதி நம் ஊர் பஸ்ஸிலும் ஓட்டலிலும் தெரியும். 'கிண்டி' என்று சொல்ல வராமல் 'சைதாப்பேட்டை' என்று டிக்கெட் எடுத்து நடந்துபோகிறவர், பொங்கல் வேண்டும் என்று உட்கார்ந்து இட்லி கேட்டுச் சாப்பிட்டு எழுகிறவர், பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' வராமல் கையைத் தூக்கிக் காட்டி அடிவாங்கியவர். இவர்களில் பலர் வெளியே திக்குவதே இல்லை. எந்தச் சொல் வரும், எது நிற்கும் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். மனம் முழுக்க அந்த வேலையிலேயே போய்விடும்போது, கேட்ட கேள்விக்குப் பதிலை யோசிக்க என்ன மிஞ்சும்?

இந்த மறைப்பு வேலைத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. 2004இல் கிளைனும் ஹூடும் திக்கிப் பேசும் 232 பேரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், திக்கலால் வேலையோ பதவி உயர்வோ கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று எழுபது சதவீதத்துக்கும் மேலானோர் சொன்னார்கள். அதைவிட என்னை உலுக்கியது அடுத்த எண்: இருபது சதவீதம் பேர், தேடிவந்த வேலையையோ பதவி உயர்வையோ திக்கலை நினைத்துத் தாங்களே வேண்டாம் என்றிருக்கிறார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை, இவர்களே சாத்திக்கொண்டார்கள்.

சம்பளத்திலும் இது தெரிகிறது. 2018இல் கெர்லாக் முதலியோர், அமெரிக்காவில் பதின்வயதிலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். திக்குகிறவர்களின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிட 7,000 டாலருக்கும் மேல் குறைவாக இருந்தது. ஆண்களில் இந்த இடைவெளியின் பெரும்பகுதியை மற்றக் காரணிகளைக் கொண்டு விளக்க முடிந்தது. பெண்களில் அப்படி விளக்க முடியவில்லை. தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் வாய்ப்பும் திக்குகிற பெண்களுக்கு மற்றப் பெண்களைவிட 23 சதவீதம் அதிகம்.

அமெரிக்கக் கணக்கு அது. ஆனால் இங்கே ஒரு பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். திக்குகிற பெண்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் தன்னைப் போல இன்னொருத்தியை அவள் பார்த்தே இருக்கமாட்டாள். வேலைக்கான நேர்காணல் ஒரு பக்கம், பெண் பார்க்க வருவது இன்னொரு பக்கம். "அவங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், நீ சும்மா இரு" என்று அம்மா சொல்லிவைத்திருப்பார். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சொல்கிறார். கேட்கிற மகளுக்கு, தன் குரல் குடும்பத்துக்கு அவமானம் என்றே அது பதிகிறது. அந்தப் பதிவோடு போய் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வியின் முன் உட்காருகிறாள்.

முன்கூட்டிச் சொல்வதா?

திக்குகிறவர்களிடையே இதைவிட அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி கிடையாது. பயோடேட்டாவில் போடுவதா, நேர்காணலுக்கு முன் மின்னஞ்சலில் சொல்வதா, உட்கார்ந்ததும் சொல்வதா, சொல்லாமலே விட்டுவிடுவதா?

சொல்லாதே என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. முன்பே தெரிந்தால் அழைக்கவே மாட்டார்கள் என்கிறார்கள். அப்படி நடப்பதுண்டு. ஆனால் திக்கல், வாய் திறந்ததும் தெரியப்போகும் விஷயம். தெரியுமா தெரியாதா என்பது நம் கையில் இல்லை. அதற்கு யார் பெயர் வைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் எதிரே இருப்பவர் தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்வார்: பயம், தயக்கம், தயாரிப்பின்மை.

எப்படிச் சொல்வது என்பதிலும் வித்தியாசம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோர்ட்னி பேர்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. திக்கிப் பேசுகிறவரின் காணொளியைப் பார்த்தவர்கள், அவர் தகவலாகத் தன் திக்கலை அறிவித்தபோது நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டுச் சொன்னபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் பேச்சில் அந்த இரண்டும் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். "மன்னிக்கணும் சார், எனக்குக் கொஞ்சம் பேச்சு சரியா வராது, தப்பா எடுத்துக்காதீங்க" என்பது ஒன்று. "சார், எனக்குத் திக்கல் உண்டு. சில சொல்லுல நிற்பேன், கொஞ்சம் நேரம் எடுக்கும். புரியலைன்னா திரும்பக் கேளுங்க, சொல்றேன்" என்பது இன்னொன்று. முதலாவது எதிரே இருப்பவரை இரக்கப்பட வைக்கிறது. இரண்டாவது அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. பெரும்பாலான நேர்காணலாளர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கே பார்ப்பது, சொல்லை எடுத்துக்கொடுக்கலாமா என்று தெரியாமல் அவர்களும் தவிக்கிறார்கள்.

என் பன்னிரண்டாவது நேர்காணலில் நான் இதைத்தான் செய்தேன். ஆய்வு எதையும் படித்துவிட்டுச் செய்யவில்லை, களைத்துப்போய்ச் செய்தேன். பெயர் நின்றதும், "எனக்குத் திக்கும் சார், இருங்க, வரும்" என்றேன். வந்தது. அடுத்த கேள்வி தேய்மானக் கணக்கைப் பற்றியது.

களைப்பிலிருந்து வழி பிறந்தது எனக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சைத் துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பருக்கும் கடுமையான திக்கல் இருந்தது. இளைஞராக இருந்தபோது பேச வேண்டியிராத வேலை வேண்டும் என்பதற்காக, காது கேளாத ஊமை என்று நடித்து ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தார். அங்கிருந்து கிளம்பி வழியில் போன காரை நிறுத்தி ஏறியபோது, ஓட்டிவந்த முதியவரும் திக்குகிறவர் என்று தெரிந்தது. தனக்கு வயதாகிவிட்டது, இனித் திக்கலோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை, சொல் கசிந்து வருகிறபடி விட்டுவிடுகிறேன் என்று அந்த முதியவர் சொல்லியிருக்கிறார். திக்காமல் இருக்க முயல்வதை விட்டுவிட்டு இலகுவாகத் திக்கக் கற்றுக்கொள்ளலாம் என்ற வான் ரைப்பரின் வழி அங்கே தொடங்கியது. வேண்டுமென்றே சில சொற்களில் லேசாகத் திக்கிக் காட்டுவது, அடைத்த சொல்லிலிருந்து முரட்டுத்தனம் இல்லாமல் நழுவி வெளியே வருவது எல்லாம் அவர் பாடத்தில் உண்டு. நேர்காணலின் முதல் நிமிடத்தில், திக்காத ஒரு சொல்லிலும் லேசாகத் திக்கிக்கொள்கிற இளைஞர்களை எனக்குத் தெரியும். அதன் பிறகு ஒளிக்க எதுவும் மிஞ்சாததால் பிடி தளர்கிறது.

மனிதர்களிடம் முன்கூட்டிச் சொல்லலாம். இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது? இப்போது பல நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வின் முதல் படியிலேயே கணினி மதிப்பிடும் பேச்சுத் தேர்வை வைக்கின்றன. ஒலிக்கும் வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். வேகம், இடைவெளி, சரளம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ஆங்கிலம் தெரியாதவனின் தயக்கத்தையும் நன்கு தெரிந்தவனின் திக்கலையும் அந்தக் கணினி பிரித்தறிவதில்லை. குரலை எழுத்தாக்கும் மென்பொருள்கள் திக்கல் பேச்சில் கூடுதலாகப் பிழை செய்கின்றன என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். இங்கே மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் வழி: கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் மூலம், அந்தப் படிக்குப் பதிலாக நேரடி உரையாடலோ கூடுதல் நேரமோ தரச் சொல்லிக் கேட்க வேண்டும். குரூப் டிஸ்கஷனும் இதே வகைதான். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இடைவெளி தேடும் இடத்தில் திக்குகிறவர் எப்போதும் அரை வினாடி பின்தங்குவார். முதலாவதாகத் தொடங்கிவைக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்வது பலருக்கு உதவியிருக்கிறது.

அரசு வேலையும் சட்டமும்

பேச்சில்லாத வாசல் ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி, டி பதவிகளுக்கும் குரூப் பி-யில் கெசட்டட் அல்லாத பதவிகளுக்கும் நேர்காணலை நீக்கிவிட்டது. ஊழலைக் குறைக்க என்று சொல்லப்பட்டது. திக்குகிறவர்களை நினைத்துச் செய்யப்பட்டதல்ல, ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் அதுவும் ஒன்று. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு எழுத்துத் தேர்வு மட்டுமே. வங்கி எழுத்தர் பணிக்கான ஐ.பி.பி.எஸ். தேர்விலும் நேர்காணல் இல்லை. அதிகாரி பணிக்கு உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வில் ஆளுமைத் தேர்வு என்ற நேர்காணலுக்கு 275 மதிப்பெண்.

எழுதித் தேறும் வேலையைத் தேடிப் போவதில் தவறே இல்லை. ஆனால் அதிகாரி ஆகும் தகுதி உள்ள பிள்ளை, நேர்காணலுக்குப் பயந்து எழுத்தர் தேர்வோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கவுன்டருக்குப் பின்னால் உட்காரும் எழுத்தர் ஒரு நாளில் பேச வேண்டியது ஐ.ஏ.எஸ். நேர்காணலில் பேச வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' உண்டு. ஆனால் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழப்பு போன்றவற்றால் ஏற்படும் நிரந்தரக் குறைபாடு என்று அதற்கு வரையறை கொடுத்திருக்கிறார்கள். திக்கல் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. அரசு வேலையில் நான்கு சதவீத ஒதுக்கீட்டுக்கான பிரிவுகளிலோ பேச்சுக் குறைபாடு தனியாக இடம்பெறவே இல்லை. அரசுப் பணிக்கான மருத்துவத் தகுதி விதிகளிலோ, விண்ணப்பதாரரின் பேச்சு தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற பழைய வாசகம் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. சலுகை என்று வரும்போது இது குறைபாடு இல்லை, தகுதி என்று வரும்போது இது குறைபாடு. இந்த முரண்பாட்டைச் சட்டம் தீர்க்க வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் திக்கல் குறைபாடாகக் கருதப்பட முடியும். கூடுதல் நேரம் கேட்பது அங்கே உரிமை. அங்கே அரசு ஊழியர்களுக்குள்ளேயே திக்குகிறவர்களின் அமைப்பு இருக்கிறது.

நம்பிக்கை தரும் ஒரு தீர்ப்பு 2024இல் வந்தது. பேச்சுக் குறைபாடு நாற்பது சதவீதத்துக்கு மேல் என்று சான்று பெற்றதாலேயே எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்ட மாணவரின் வழக்கில், சதவீத எண்ணை மட்டும் வைத்துத் தகுதியற்றவர் என்று சொல்லக் கூடாது, அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று உண்மையில் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது திக்கல் வழக்கு அல்ல. ஆனால் அந்த அளவுகோல் எல்லா வேலைக்கும் பொருந்தும். நொடிக்குள் குரலில் கட்டளை போக வேண்டிய சில வேலைகள் உண்டு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போல. அங்கே தனியாக ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும். கால் சென்டரில் ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைக்கும் இடத்திலும் சிக்கல் உண்டு. கணக்கர், புரோகிராமர், ஆய்வகப் பணியாளர், ஆசிரியர், வழக்கறிஞர் வேலைகளுக்கு அந்தத் தடை கிடையாது. திக்கிக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

வேலை கிடைத்த பிறகு

ஆர்டர் கையில் வந்ததும் பிரச்சினை முடிந்தது என்று நினைப்போம். முதல் நாளே வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். திரும்பவும் பெயர். அதுவும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்தாவது ஆள் பேசும்போது ஒன்பதாவது ஆளாக நிற்பவருக்கு வியர்த்துவிடும். ஐ.டி. அலுவலகங்களில் தினமும் காலையில் நின்றபடி நடத்தும் கூட்டமும் இப்படித்தான். இதற்குப் பலர் கண்ட தீர்வு ஒன்றுதான்: குழுத் தலைவரிடம் சொல்லி முதல் ஆளாகப் பேசிவிடுவது. காத்திருக்கும் நேரம்தான் பயத்தை வளர்க்கிறது.

அடுத்தது தொலைபேசி. முகம் தெரியாது, உதடு தெரியாது. எடுத்ததும் 'ஹலோ' நின்றால் அந்தப் பக்கம், "ஹலோ... ஹலோ... சிக்னல் இல்லபோல" என்று வைத்துவிடுவார்கள். என் முதல் வருடத்தில் மேசைத் தொலைபேசி அடித்தால் கழிவறைக்குப் போய்விடுவேன். எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவர் இதைக் கவனித்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள், "தினமும் பேங்க்குக்கு ஒரு போன் நீதான் பண்ணணும், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். முதல் அழைப்பில் வங்கியில் இருந்தவர் வைத்துவிட்டார். இரண்டாவது தடவை, "எனக்குத் திக்கும் மேடம், வெச்சிடாதீங்க" என்று தொடங்கினேன். ஆறு மாதத்தில் அந்தக் கிளையில் எல்லோருக்கும் என் திக்கல் பழகிவிட்டது. எனக்குத் திக்கல் குறையவில்லை, தொலைபேசி மேல் இருந்த பயம்தான் குறைந்தது. மேலதிகாரி ஒருவர் இப்படி இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடன் வேலை பார்ப்பவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை நாமேதான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லை எடுத்துக்கொடுத்தால் பிடிக்காது. சிலருக்கு உதவியாக இருக்கும். சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்தே முடித்துக்கொள்ளும் வசதி இன்று இருக்கிறது. அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதையே வழக்கமாக்கினால் வேலை தெரியும், ஆள் தெரியாது. பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது யாருக்கும் முகம் நினைவுக்கு வருவதில்லை.

பயிற்சியும் துணையும்

'இருபத்தொரு நாளில் திக்குவாய் குணம்' என்ற விளம்பரத்தை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து அங்கே பணத்தைக் கட்டாதீர்கள். இழுத்து, தாளம் போட்டுப் பேச வைத்தால் யாருக்கும் அந்த அறைக்குள் திக்கல் நின்றுவிடும். வெளியே வந்து இரண்டு வாரத்தில் திரும்பி வரும். இம்முறை, 'நான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என்ற குற்ற உணர்வும் சேர்ந்து வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திக்கலுக்கென்று இதுவரை ஒரு மருந்துக்குக்கூட அனுமதி தரவில்லை.

முறையாகப் படித்த ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருப்பார்கள். அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். மைசூரில் 1960களிலிருந்து இயங்கும் அகில இந்திய பேச்சு செவிப்புலன் நிறுவனம் இத்துறையின் தாய்வீடு. சென்னையிலும் மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த பேச்சு, செவிப்புலன் துறைகள் உண்டு. பள்ளிக்குப் போகாத வயதில் கவனித்தால் பலன் மிக அதிகம். இருபத்திரண்டு வயதில் போகிறவர், திக்கல் அறவே போகும் என்று நினைத்துப் போகக் கூடாது. பேச்சின் இறுக்கம் தளரும், பயம் குறையும். அதுவே வேலை வாழ்க்கைக்குப் போதுமானது. திக்குகிறவர்களே கூடிப் பேசும் சுயஉதவிக் குழுக்களை இந்தியத் திக்கல் சங்கம் பல நகரங்களில் நடத்துகிறது. ஒத்திகை நேர்காணலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தன்னைப் போல இன்னொருவர் திக்குவதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டுவிட்டு அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திக்கலை வென்ற பிரபலங்கள் என்று ஒரு பட்டியலை நீட்டுவது வழக்கம். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், ஆனால் 'நீயும் வென்றால்தான் மதிப்பு' என்று காதில் விழுகிறது. 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தால் உலகறிந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர்கூட வெல்லவில்லை. 1926இல் பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோகிடம் போகத் தொடங்கியவர், 1939 செப்டம்பர் 3இல் போர் அறிவிப்பு உரை நிகழ்த்தும்போதும் எங்கே நிறுத்த வேண்டும் என்று குறியிட்ட தாளை வைத்துக்கொண்டுதான் பேசினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் திக்கல் இருந்தது. உரையும் நடந்தது.

நேர்காணல் அறையில் உட்காருகிறவர்களே, அடுத்த வாரமோ அடுத்த மாதமோ ஒரு பிள்ளை உங்கள் முன்னால் வந்து தன் பெயரில் நிற்கும். தண்ணீரை நீட்டாதீர்கள். பயோடேட்டாவைப் பார்த்து அந்தப் பெயரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதன் முகத்தைப் பார்த்தபடி இருங்கள், அதிகம் போனால் பத்து வினாடி. பெயரை அதுவே சொல்லி முடித்த பிறகு, அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள்.